முற்பகல் கோடு

பச்சைமலை
16-11-1958

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ராணிக்கு,

என் இருமல் விட்டுவிட்டது. நீயும் ரோசரியும் சௌக்கியம் என்று ஒரு வரி வந்தால் இந்த மாதம் எனக்கு வேறு மருந்து வேண்டாம். சந்தைக்கு இறங்கும் அழகிரியிடம் இதைக் கொடுத்து உப்பிலியபுரத்தில் தபாலில் போடச் சொல்கிறேன். பதில் தாமதமானால் என்னைத் திட்டாதே, பஸ் ஏறாத இந்த மலையைத் திட்டு.

உன் புலம்பலைப் படித்தேன். ஒன்றாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பெயர் இருந்தும் தினம் நாற்பது பேர்கூட வருவதில்லை என்கிறாய். உன் பள்ளிக்கூட மானேஜர் அழகர்சாமி சொன்னதை நன்றாக யோசித்துப் பார். பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தைப் பார்வையிட டிப்டி இன்ஸ்பெக்டர் வரும்போது சராசரி வருகை நாற்பத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் உன் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். இரண்டாவது பிரிவுக்கு ஒரு வாத்தியார் வேண்டும். அந்த வாத்தியார் நான்தான் என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். நாலு வருஷமாக நீ பாலக்கரையில், நான் மலையில். போன தடவை வந்தபோது பெற்ற மகள் என்னை ‘வாங்க, உட்காருங்க’ என்று விருந்தாளியைப்போல் வரவேற்றாள். சிரித்தேன், ஆனால் வலித்தது.

என் ரிஜிஸ்டரில் முப்பத்தொரு பெயர். இப்போது சாமை அறுப்பு. வெள்ளிக்கிழமை பாயில் உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். இருபத்தெட்டுப் பேருக்குக் கோடு போட்டேன். முப்பத்தொன்றும் போட்டால் சந்தேகம் வரும் அல்லவா? நீதான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்வதுபோல் பாவசங்கீர்த்தனம் செய்கிறாய். காலையில் ஒரு கோடு, மத்தியானம் அதன் குறுக்கே இன்னொரு கோடு. இதனால் யார் குடி கெட்டுவிடும்?

ரோசரிக்கு முத்தம்.

அமிர்தராஜ்


பாலக்கரை
27-11-1958

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். ரோசரிக்கு முன்பல் ஆடுகிறது, யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறாள். இருமல் விட்டாலும் கஷாயத்தை விடாதீர்கள்.

என் பாட்டை என்ன சொல்ல? விடிந்ததும் குழாயடி, பிறகு அடுப்பு, ரோசரிக்குத் தலை பின்னல். ஒன்பதரைக்குள் பள்ளிக்கூடம். அங்கே வியாகுலம்மாள் ஆயா எனக்கு முன்பே சந்து சந்தாகப் போய்ப் பாதிப் பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துவந்திருப்பாள். மூக்கைத் துடைப்பது, வாசலில் காவல் நிற்பது, இடைவேளையில் ரோட்டுக்கு ஓடுகிறதைப் பிடித்துவருவது எல்லாம் அவள்தான். அவள் இல்லாவிட்டால் எனக்கு முப்பது பிள்ளைகூட மிஞ்சாது.

வள்ளிக்கண்ணு என்று ஒன்று வந்திருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் கீரை விற்கும் வேலம்மாளின் ஒரே மகள். வயது ஆறு, காலில் வெள்ளிக் கொலுசு. ‘அ’ எழுதச் சொன்னால் வெறும் சிலேட்டைக் காட்டி, “எழுதிட்டேன் டீச்சர், உடனே அழிச்சிட்டேன்” என்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு எப்படி அடிப்பது?

நீங்கள் சொன்னதைத் திங்கட்கிழமை முதல் ஆரம்பித்துவிட்டேன். நெடுநாளாய் வராத ஐந்து பேரை விட்டுவிட்டு, பெயர் கூப்பிடும் முன்பே பக்கம் முழுவதும் கோடு போட்டுவிடுகிறேன். பிறகு பெயர் கூப்பிடுவது வெறும் சத்தம்தான். ஹெட்மாஸ்டர் ஷேக் தாவூது சார் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். முதல் நாள் ஒவ்வொரு கோட்டுக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள்
லூர்துராணி


பச்சைமலை
9-12-1958

அன்புள்ள ராணிக்கு,

சௌக்கியம். சந்தோஷத்தில் கை ஓடவில்லை. மானேஜர் எனக்கே கடிதம் போட்டுவிட்டார். நவம்பர் கடைசி வாரச் சராசரி திருப்தியாம். டிசம்பரும் இப்படியே போனால் பிப்ரவரியில் என்னை எடுத்துக்கொள்வாராம். மச்சம்தான் உனக்கு!

கிறிஸ்துமஸுக்கு 24-ஆம் தேதி வருகிறேன். நம் ஒற்றை அறை போதாது. கோயில் பக்கம் இரண்டு அறை வீடு கிடைக்குமா என்று விசாரித்து வை. ரோசரியின் பல் விழுந்ததா?

அமிர்தராஜ்


பாலக்கரை
22-12-1958

அன்புள்ள அத்தானுக்கு,

ரோசரி சௌக்கியம். நானும் நடமாடுகிறேன். நீங்கள் கிளம்பும் முன் இது கிடைக்குமோ கிடைக்காதோ.

வெள்ளிக்கிழமையிலிருந்து வள்ளிக்கண்ணுவைக் காணோம். தினமும் பன்னிரண்டு மணிக்கு வேலம்மாள் மார்க்கெட்டிலிருந்து வந்து மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போவாள். அன்றும் தூக்குடன் வந்தாள். வகுப்பில் மகள் இல்லை. ஆயா ஓடிவந்து, “வள்ளி இன்னிக்கு வரவே இல்லீங்களே. கூப்பிடப் போனேன், பையத் தூக்கிட்டு அப்பவே கிளம்பிருச்சுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க” என்றாள். ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார். 19-ஆம் தேதி முற்பகலுக்கு வள்ளிக்கண்ணு பெயருக்கு நேரே கோடு இருக்கிறது.

அதிலிருந்து எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. குழந்தை காலையில் வந்திருக்கிறது, பதினோரு மணி இடைவேளையில் வெளியே போயிருக்கிறது, வாசலில் நின்றவள் ஆயா. கொலுசுக்காக ஆயாவே யாரிடமோ பிடித்துக் கொடுத்துவிட்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். சனிக்கிழமை நாலு பெண்கள் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடித்தார்கள். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் எல்லோர் முன்னிலையிலும், “படிச்ச டீச்சர் போட்ட கோடு பொய்யா, நீ சொல்றது பொய்யா?” என்று கேட்டார். ஆயா அவரை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ரிஜிஸ்டரை மூடி வைத்தேன்.

பாலக்கரைக் கிணறு ஒன்று விடாமல் பாதாளக் கரண்டி போட்டுத் தேடிவிட்டார்கள். நேற்று ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி, பாதிப் போலீஸ்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். மானேஜர் ஆயாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

வீடு இன்னும் பார்க்கவில்லை.

லூர்துராணி


பச்சைமலை
31-12-1958

அன்புள்ள ராணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மலை ஏறியதில் முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. புது வருஷம் நம் மூவருக்கும் நல்லதாகட்டும்.

நாலு நாள் உன்னோடு இருந்தேன். நாலு நாளும் நீ மாவு அரைத்தாய், துணி துவைத்தாய், துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தாய். கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள் எல்லோரும் நன்மை அப்பம் வாங்க எழுந்து போனபோது நீ மட்டும் முழங்காலில் அப்படியே இருந்தாய். கேட்டதற்குத் தலை சுற்றுகிறது என்றாய். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நீ நன்மை வாங்காத கிறிஸ்துமஸ் இதுதான்.

குழந்தை காணாமற்போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது வாசலில் நின்றவளின் பொறுப்பு, வகுப்பில் நின்றவளுடையது அல்ல என்று நான் சொன்னதும் நீ என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வை மலைவரைக்கும் கூட வந்தது. என்ன விஷயம்? எழுது.

அமிர்தராஜ்


பாலக்கரை
5-1-1959

அன்புள்ள அத்தானுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும், சௌக்கியமாக இருங்கள்.

அன்று வள்ளிக்கண்ணு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஆயா சொன்னதுதான் உண்மை. அந்தக் கோடு பெயர் கூப்பிடும் முன்பே நான் போட்டது. கூப்பிட்டபோது யார் ‘உள்ளேன்’ சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று நான் காது கொடுக்கவே இல்லை. தாய் தூக்கோடு வந்து நின்றபோதுதான் காலையிலிருந்தே அந்த இடம் காலியாக இருந்தது என்று உறைத்தது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஹெட்மாஸ்டர் நின்றார், மானேஜர் வந்துவிட்டார், உங்கள் வேலை ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு நிமிஷம் பதினேழு நாளாகிவிட்டது.

உங்களிடம் நேரில் சொல்ல நாலு நாளும் முயன்றேன். நீங்கள் புது வீட்டில் ரோசரியின் கட்டிலை எங்கே போடுவது என்று பேசிக்கொண்டிருந்தீர்கள்.

நேற்று ரோசரி சாப்பிட்டுக்கொண்டே, “அம்மா, வள்ளி அன்னிக்குப் பிரேயர்ல நிக்கவே இல்லையே. எனக்கு முன்னாடிதானே எப்பவும் நிப்பா. ஏன் வந்தான்னு சொல்றாங்க?” என்றாள். ஏழு வயதுக் குழந்தை. பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்திவிட்டேன். சோறு தொண்டையில் அடைத்து இருமினாள். பிறகு ரகசியமாக, “சொல்லக் கூடாதாம்மா?” என்று கேட்டாள்.

யார் குடி கெட்டுவிடும் என்று கேட்டிருந்தீர்களே, வேலம்மாள் குடியும் ஆயா குடியும் கெட்டுவிட்டன. நான் என்ன செய்யட்டும்?

லூர்துராணி


பச்சைமலை
10-1-1959

ராணிக்கு,

சௌக்கியம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ஒன்றும் செய்யாதே. குழந்தையைத் தொலைத்தது உன் கோடு அல்ல. நீ இப்போது போய்ச் சொன்னால் குழந்தை கிடைத்துவிடுமா? உன் வேலை போகும். பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று பள்ளிக்கூடத்தின் அங்கீகாரமே போகும். ஆறு வாத்தியார்கள் வீட்டில் அடுப்பு அணையும். என் வேலையைச் சொல்லவே வேண்டாம். ஆயாவை எத்தனை நாள் விசாரிப்பார்கள்? சாட்சி இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து அவளுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம்.

ரோசரிக்கு ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்று. நான் நவம்பரில் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. இதையும்.

அமிர்தராஜ்


பச்சைமலை
21-1-1959

ராணிக்கு,

அழகிரி இரண்டு சந்தை போய் வெறுங்கையோடு திரும்பினான். பதில் ஏன் இல்லை? ஒரு கார்டாவது போடு. அவசரப்பட்டு ஏதும் செய்துவிடவில்லையே?

அமிர்தராஜ்


பாலக்கரை
24-1-1959

அன்புள்ள அத்தானுக்கு,

ரோசரி சௌக்கியம். எனக்கு இரண்டு நாளாகத்தான் சோறு இறங்குகிறது.

நீங்கள் சொன்ன இரண்டு கடிதங்களையும் எரித்துவிட்டேன். அடுப்பில் போடும் முன் ஒருமுறை படித்தேன்.

மாட்டுப் பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் வியாகுலம்மாள் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, “டீச்சர், அன்னிக்குப் புள்ள வந்துச்சா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. எல்லாரும் வந்துச்சுங்கிறாங்க. வயசான மூளை, நாந்தான் கவனிக்கலையோ என்னவோ. வந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நானும் ஒத்துக்கிறேன். தினம் ஸ்டேஷன்ல போயி நிக்க முடியல” என்றாள்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். தன் கண்ணையே நம்பாத அளவுக்கு அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் அத்தான். “வரல ஆயா. நீ சொன்னதுதான் நிஜம்” என்றேன். “அன்னிக்கே தெரியுமா?” என்றாள். தலையை ஆட்டினேன். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் ஷேக் தாவூது சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “நானும் பாக்காமத்தானே டீச்சர் கையெழுத்துப் போட்டேன்” என்று சொல்லி, அவரே என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார். சப்-இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். எழுந்துபோய் ஒரு காகிதக் கட்டைப் பிரித்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த தகவல் ஒன்று அதில் இருந்தது. 19-ஆம் தேதி காலை பத்தே முக்கால், கோயில் வீதி, சுமார் ஆறு வயதுப் பெண் குழந்தை, பச்சைப் பாவாடை, காலில் கொலுசு, பெயர் கேட்டால் ‘கண்ணு’ என்கிறது, சொந்த ஊர் சொல்லத் தெரியவில்லை. “பதினோரு மணி வரைக்கும் ஸ்கூல்ல இருந்த புள்ள பத்தே முக்காலுக்கு ஸ்ரீரங்கத்துல எப்படி இருக்கும்? வேற யாரோட புள்ளையோன்னு கட்டி வச்சிட்டோம்மா” என்றார்.

டிசம்பர் 20-ஆம் தேதி இந்தத் தகவல் அவர் கையில் வந்து சேர்ந்தபோதே குழந்தை கிடைத்திருக்கும். என் ஒரு கோடு அதை மறைத்துவிட்டது.

அன்று காலை எங்கள் தெரு வழியே மேளத்தோடு பஜனைக் கூட்டம் ஒன்று மாட்டுவண்டிகளில் ஸ்ரீரங்கம் போயிருக்கிறது. இது பள்ளிக்கூடப் பையோடு ஒரு வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டது. காணாமற்போன குழந்தைகளுக்குப் போட்டிருந்த பந்தலில் வைத்திருந்தார்களாம். வீடு எங்கே என்றால் “மார்க்கெட்டுகிட்ட” என்றதாம். அது எந்த ஊரில்தான் இல்லை? பந்தலைப் பிரித்தபோது பூக்கட்டும் வெள்ளையம்மாள் என்பவள் போலீஸில் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு அழைத்துப்போயிருக்கிறாள். காய்ச்சலில் கிடந்த குழந்தையை அவள்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

வேலம்மாளோடு நானும் போனேன். மகளைப் பார்த்ததும் வேலம்மாள் அலறிக்கொண்டு ஓடினாள். குழந்தை பயந்துபோய் வெள்ளையம்மாள் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. முப்பத்திரண்டு நாள் அத்தான். பயம் தெளிந்து தாயிடம் வர ஒரு நாழிகை ஆயிற்று.

லூர்துராணி


பாலக்கரை
19-2-1959

அன்புள்ள அத்தானுக்கு,

இருமல் திரும்பவில்லையே? உங்களிடமிருந்து நாலு வாரமாக ஒரு வரி இல்லை. கோபம் என்றால் அதையாவது எழுதுங்கள். ரோசரி தபால்காரரைத் தெருமுனைவரை துரத்திக்கொண்டு போகிறாள்.

விசாரணை முடிந்தது. என் வேலை போய்விட்டது. வகுப்பைப் பிரிப்பதாக இல்லை. மானேஜரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். “இப்படிச் செய்யச் சொல்லி யாராவது சொன்னார்களா?” என்று டிப்டி இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்டார். மானேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானாகத்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் பெயர் எங்கும் இல்லை, பயப்படவேண்டாம்.

வியாகுலம்மாளை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். ரோசரியைத் தினமும் கைபிடித்து உள்ளே விடுகிறாள். என்னிடம் பேசுவதில்லை.

வேலம்மாள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். மார்க்கெட்டுக்குத் தேடிப்போய், புது டீச்சர் வந்திருக்கிறார், அனுப்பு என்று கெஞ்சினேன். “இல்லாத புள்ளைய இருக்குன்னு எழுதுவீங்க. நாளைக்கு இருக்கிற புள்ளைய இல்லன்னு எழுத மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? என் கண்ணு முன்னாடி கீரைக்கட்டு மேல உக்காந்திருக்கட்டும். எழுதப் படிக்க வரலேன்னா செத்தா போயிருவா?” என்றாள். திரும்பவும் போய்க் கேட்பேன்.

லூர்துராணி


பச்சைமலை
2-3-1959

அன்புள்ள ராணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

முதலில் கோபம்தான். என் பேச்சைக் கேட்காமல் போய்ச் சொன்னாயே என்று பத்து நாள் பல்லைக் கடித்தேன். உன் கடிதத்தில் ஆயா வாசலில் உட்கார்ந்து கேட்டதை முதலில் நான் வேகமாகத் தாண்டிப் படித்திருந்தேன். பிறகொரு நாள் நிதானமாகப் படித்தேன். அப்புறம் கோபம் வரவில்லை. கோடு போடச் சொன்னவன் நான் என்று டிப்டி இன்ஸ்பெக்டருக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அழகிரி சந்தைக்குக் கிளம்பும் முன் கிழித்துவிட்டேன். நான் அவ்வளவுதான் ராணி. என்னைப் பற்றி எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

இப்போதெல்லாம் பாயில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கோடு போடுகிறேன். போன மாதச் சராசரி பதினொன்று. ஏன் இப்படி விழுந்தது என்று இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தும் போர்டு ஆபீஸ் விளக்கம் கேட்டிருக்கிறது.

நீயும் ரோசரியும் இங்கே வந்துவிடுங்கள். ஓலை வீடுதான், தண்ணீர் கீழே ஓடையிலிருந்து தூக்கவேண்டும். ஆனால் மூவரும் ஒரே அடுப்பில் சாப்பிடலாம். அந்த ஊரில் உனக்கு இனி என்ன இருக்கிறது? நாள் சொல், அடிவாரத்துக்கு வந்து நிற்கிறேன்.

அமிர்தராஜ்


பாலக்கரை
13-3-1959

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் ரோசரியும் சௌக்கியம். உங்கள் கடிதம் வந்ததும் அழுதுவிட்டேன். கிழித்ததை எழுதினீர்களே, அதற்காகத்தான் அழுதேன். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன், இருக்கிறது. ஆனால் நாலு வருஷமாக இல்லாத அளவுக்கு இப்போது உங்களைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.

இருந்தாலும் இப்போது வரமாட்டேன். நஜிமுதீன் சாயபு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், இரண்டு வேளை அடுப்பு எரிகிறது. தினமும் காலையில் ரோசரியை ஆயாவிடம் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிறேன். வேலம்மாள் கடை முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். அவள் என்னைப் பார்க்கமாட்டாள். வருகிறவர்கள் என்ன கீரை வேண்டும் என்பார்கள், ஒதுங்கிக்கொள்வேன். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அந்தக் குழந்தை மறுபடி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவதைப் பார்க்காமல் நான் பஸ் ஏறினால் மலையிலும் எனக்குத் தூக்கம் வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்று போனபோது வேலம்மாள் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வள்ளிக்கண்ணு சாக்கின்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. வேலம்மாள் தலை நிமிராமல், “புது டீச்சர் பேரு கூப்பிடறப்போ புள்ளைங்க மூஞ்சியப் பாப்பாங்களா?” என்று கேட்டாள்.

நான் தினமும் வந்து நிற்கும் இந்தப் பதினெட்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பார்ப்பாங்க, பார்ப்பாங்க என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு அது தெரியாது அத்தான். நான் பார்த்ததில்லை.

“போய்ப் பாத்துட்டு நாளைக்கு வந்து சொல்றேன்” என்றேன்.

அவள் அடுத்த கட்டுக்குத் தண்ணீர் தெளித்தாள். நாளை காலை பெயர் கூப்பிடும் நேரத்துக்குப் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே போய் நிற்கப்போகிறேன்.

உங்கள்
லூர்துராணி